கரிசலில் செர்ரி ப்ளம் வருமா?

கேள்வி: என் மகன் ஜார்ஜியா நாட்டில் மருத்துவம் படிக்கிறான். அங்கே வேலியோரங்களில் ஒரு மரம் நிற்குமாம்; குளிர் முடிகிற நேரத்தில் இலைக்கு முன்னால் பூ வந்து, மரமே வெள்ளையாகிவிடுமாம். பெயர் செர்ரி ப்ளம். அதன் காயில் செய்கிற புளிப்புத் துவையல் இல்லாமல் அவனுக்கு இப்போது சாப்பாடு இறங்குவதில்லை. விடுமுறைக்கு வந்தவன் பத்துப் பன்னிரண்டு கொட்டைகளைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறான். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசலில் எங்களுக்கு ஓர் ஏக்கர் நிலமும், அதில் புதிதாகக் கட்டிய வீடும் இருக்கின்றன. வீட்டு முன்னால் இந்த மரத்தை வைக்க ஆசை. கரிசலில் வராது என்கிறார்கள். குழியில் செம்மண் போட்டு வைத்தால் வருமா?

பதில்: வராது அம்மா. ஆனால் உங்களிடம் சொன்னவர்கள் காரணத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பழி கரிசல் மண் மேல் இல்லை. மண்ணைக் குறை சொல்லிவிட்டு லாரி லாரியாகச் செம்மண் அடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் அந்தச் செலவில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

செர்ரி ப்ளம், ப்ளம் இனத்திலேயே முரட்டு மரம். தாவரவியலில் ப்ரூனஸ் செராசிஃபெரா. தென்கிழக்கு ஐரோப்பாவிலிருந்து காக்கசஸ் மலைநாடு, ஈரான் வரை அதன் சொந்த ஊர். நம் நாட்டில் காஷ்மீர், இமாச்சலப் பக்கம் உண்டு. களிமண், சுண்ணாம்பு மண் இரண்டையும் மற்றப் ப்ளம் வகைகளைவிட நன்றாகத் தாங்கும். அதனால்தான் உயர்ந்த ரக ப்ளம்களை ஒட்டுக்கட்ட இதையே வேர்ச்செடியாக வைக்கிறார்கள். ஆகவே நம் கரிசலின் களியும் சுண்ணாம்பும் அதை முதல் நாளிலேயே கொன்றுவிடாது.

அதற்கு இங்கே கிடைக்காதது குளிர். இந்த மரம் கோடை முடிந்ததும் இலையை உதிர்த்துவிட்டு உறங்கப் போகும். அந்த உறக்கத்தில், 7 டிகிரி வெப்பத்துக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் அதன் மொட்டுகளில் ஏறியாக வேண்டும். குளிர்காலம் கழிந்துவிட்டது, இனி பூக்கலாம் என்று மரம் தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். கோவில்பட்டியில் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டில் ப்ளம் பழுப்பது கொடைக்கானல், நீலகிரி போன்ற மலைகளில்தான். மே, ஜூனில் மதுரைக் கடைகளுக்கு வருவது அந்த மலைப்பழம். கீழே இறங்கிவிட்டால் மரம் உறங்கவும் முடியாமல், விழிக்கவும் முடியாமல், அங்கொரு கொப்பும் இங்கொரு கொப்புமாகத் துளிர்த்து, இரண்டொரு கோடையில் கருகிப் போகும்.

கொட்டைக்கும் அதே கதைதான். இரண்டு மூன்று மாதம் ஈரக்குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். ஈர மணலில் புதைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து முளைக்க வைக்கலாம் என்று உங்கள் மகன் சொல்லக்கூடும். அது உண்மை. ஆனால் நட்ட பிறகு ஆண்டுதோறும் அந்தக் குளிரை மரத்துக்கு எங்கிருந்து கொடுப்பது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு விதைகளைத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவருவதை 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை தடுக்கிறது. பயிர் நோய்கள் பல நாடு விட்டு நாடு போனது இப்படி ஒரு பொட்டலத்தில்தான். பிள்ளை ஆசையில் செய்ததுதான், கோபப்பட வேண்டாம். கொட்டைகளைக் கொதிநீரில் போட்டு உயிரை அடக்கிவிட்டு எறிந்துவிடுங்கள். பிள்ளைகள் யாரும் உடைத்துப் பருப்பைத் தின்றுவிடாமலும் பாருங்கள். பருப்பிலும் இலையிலும் சயனைடாக மாறும் பொருள் உண்டு. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த ஆடு சாகிறதே, அதே நஞ்சு.

நாற்றுப் பண்ணையில் செர்ரி ப்ளம் என்று ஒன்றைக் காட்டினாலும் உடனே வாங்கிவிடாதீர்கள். நம் பக்கம் செர்ரி என்ற பெயரில் விற்பவை வேறு வேறு மரங்கள். சிங்கப்பூர் செர்ரி என்பது குருவியும் வௌவாலும் தேடிவரும் அந்த இனிப்புப் பழ மரம். பார்படாஸ் செர்ரி என்பது இன்னொரு குடும்பத்துப் புதர். சொத்தைக்களாவை ப்ளம் என்று விற்பதும் உண்டு. எல்லாம் நல்ல செடிகள்தான், ஆனால் எதுவும் ஜார்ஜியாவின் மரம் இல்லை. தாவரவியல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்; தரத் தயங்கினால் அந்தச் செடி வேண்டாம்.

இனி, உங்கள் ஆசையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அந்த மரம் அந்த ஊர்த் தோட்டத்தில் என்ன வேலை செய்கிறது? வேலியாக நிற்கிறது. குளிர் முடிந்ததும் முதல் பூவைக் காட்டுகிறது. புளிப்புக் காய் தருகிறது. இன்னொரு நல்ல ரகத்துக்கு வேராகிறது. ஊதா இலை உள்ள வகையை அழகுக்கும் வைக்கிறார்கள். ஈரான் மன்னரின் தோட்டக்காரராக இருந்த பிசார் என்ற பிரெஞ்சுக்காரர் 1880 வாக்கில் அதைப் பிரான்சுக்கு அனுப்ப, அங்கிருந்து அது உலகமெங்கும் பரவியது. இந்த வேலைகளுக்கு வேறு ஊரிலிருந்து ஆள் கூப்பிட வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் கரிசலிலேயே மரம் இருக்கிறது.

அழகு இலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். பங்குனியில் வேம்பு இலையுதிர்த்துக் கொழுந்து விடும்போது பார்த்திருப்பீர்கள். ஒரு வாரம், பத்து நாள், மரம் முழுக்கச் செம்பு நிறத்தில் மினுங்கும். அடுத்துப் பூவும் வந்து, தெருவே மணக்கும். சித்திரையில் சரக்கொன்றை இலையில்லாத கொப்பில் மஞ்சள் சரமாகத் தொங்கும். முதற்பூவுக்கு இவை இரண்டும் போதும்.

வேலிக்குக் களா வையுங்கள். கரிசல் காட்டில் இன்று வேலி என்றாலே சீமைக்கருவேலம் என்று ஆகிவிட்டது. அதைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் விட்டால் பழமரத்துக்குப் போக வேண்டிய நீரையும் அதுவே குடித்துவிடும். களா அப்படிச் செய்யாது. எப்போதும் பச்சையாக இருக்கும், முள் ஆட்டை நிறுத்தும், வெள்ளைப் பூ மல்லிகை போல மணக்கும், காய் புளிக்கும். இரண்டடிக்கு ஒன்றாக, இரண்டு வரிசையில் மாற்றி மாற்றி நடுங்கள். மூன்றாம் ஆண்டில் கோழிகூட நுழையாத வேலியாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கத்தரித்தால் அடியிலிருந்து அடர்ந்து வரும். கத்தரிக்காமல் விட்டால் மேலே பரந்து அடியில் ஓட்டை விழும். விதையில்தான் எளிதாக வளர்க்கலாம், ஆனால் களா விதைக்குப் பொறுமை கிடையாது. பழத்திலிருந்து எடுத்த சில நாளிலேயே முளைக்கும் தன்மை குறைந்துவிடும். கறுத்துப் பழுத்த காயைப் பறித்து, கழுவி, அன்றே பையில் விதைத்துவிடுங்கள்.

உங்கள் மகனுக்குச் சொல்ல இன்னொரு செய்தி. நம் ரொட்டிக் கடைகளில் கேக் மேலேயும் பீடாவுக்குள்ளேயும் சிவப்பாக வைக்கிறார்களே ஒரு ‘செர்ரி’, அதில் பெரும்பகுதி செர்ரியே இல்லை, களாக்காய்தான். காயைக் கீறி விதை எடுத்து, பால் போக உப்பு நீரில் ஊற வைத்து, சாயமேற்றி, சர்க்கரைப் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கி அதில் நாள் கணக்கில் ஊற வைப்பார்கள். செர்ரி என்று இத்தனை நாளும் நாம் தின்றது நம் வேலிக் காயைத்தான்.

அடுத்தது நெல்லி. செர்ரி ப்ளத்துக்கு ஐரோப்பாவில் இன்னொரு பெயர் உண்டு: மைரோபலான் ப்ளம். இந்த மைரோபலான் என்ற சொல்லை அவர்கள் அதற்கு முன்பே வேறு காய்களுக்கு வைத்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து மருந்துச் சரக்காகப் போன கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய். அதாவது நம் திரிபலா. பெயரளவில் பார்த்தால் அசல் மைரோபலான் நம்மிடமே இருக்கிறது. அந்த மூன்றில் கோவில்பட்டி நிலத்துக்குப் பொருந்துவது நெல்லி. உவர்ப்பையும் சுண்ணாம்பையும் தாங்கும். வேர் நிலைத்த பிறகு வறட்சியையும் தாங்கும். ஒற்றை மரமாக வைக்காதீர்கள். நெல்லியில் தன் மகரந்தம் தனக்கே சரியாகச் சேராது, ஒரே ரகமாக வைத்தவர்கள் பூவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பவானிசாகர் 1 ஒன்று, என்.ஏ.7 ஒன்று, காஞ்சன் ஒன்று என்று மூன்று ரகம் கலந்து, இருபது அடி இடைவெளியில் நடுங்கள். ஒட்டுச்செடி நான்காம் ஆண்டில் காய் காட்டும்.

இனி, நான் நின்று பேச விரும்பும் மரத்துக்கு வருகிறேன். இலந்தை.

செர்ரி ப்ளத்தின் இடத்தில் ஒரே ஒரு மரம்தான் வைக்க முடியும் என்று நீங்கள் கேட்டால் நான் இலந்தையைத்தான் சொல்வேன். இந்த மண்ணின் தாளத்துக்கு இவ்வளவு பொருத்தமான பழமரம் வேறு இல்லை. கரிசலில் ஈரம் வருவது ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழையில்தான். இலந்தை அந்த ஈரத்தில் காயைப் பெருக்கி, தையிலும் மாசியிலும் பழுக்க வைத்துவிட்டு, வெயில் ஏறும் காலத்தில் இலையைக் குறைத்துக்கொண்டு ஓய்வெடுக்கும். செர்ரி ப்ளம் குளிருக்குப் பயந்து உறங்குகிறது. இலந்தை வெயிலுக்குப் பயந்து உறங்குகிறது. நாம் மரம் வைக்கும் ஊரில் கடுமையான பருவம் எதுவோ அதில் உறங்கத் தெரிந்த மரம்தான் நிலைக்கும்.

காட்டு இலந்தை உங்கள் வரப்பிலேயே நிற்கலாம். இருந்தால் வெட்டி எறியாதீர்கள். மாசி, பங்குனியில் தரையிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி விட்டு மேலே அறுத்துவிடுங்கள். புதுத் தளிர்கள் கிளம்பும். நேராக, வலுவாக வரும் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அது பென்சில் கனம் வந்து, பட்டை லேசாக உரிகிற பருவத்தில், நல்ல ரகத்தின் மொட்டை அதில் கட்டலாம். கீழே எத்தனையோ ஆண்டாக ஆழத்தில் ஓடிய வேர் இருப்பதால் ஒட்டு ஓராண்டிலேயே மளமளவென்று எழும். பனாரசி, உம்ரான், கோலா, கைத்தலி எல்லாம் தெரிந்த ரகங்கள். இதிலும் இரண்டு ரகம் கலந்து வைப்பது நல்லது.

வரப்பில் இலந்தை இல்லையென்றால், ஒட்டுக்கன்று வாங்கி நடுவதைவிட நான் விரும்புவது, குழியிலேயே விதைத்து, நின்ற இடத்திலேயே மொட்டுக் கட்டுவது. ராஜஸ்தானின் ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் இலந்தையில் நிறைய வேலை செய்திருக்கிறது. வறண்ட நிலங்களுக்கு அங்கிருந்து பரவிய வழக்கம் இது. காரணம் எளியது. இலந்தையின் ஆணிவேர் முளைத்ததுமே கீழே பாயும். பையில் அது சுருண்டுகொள்ளும். சுருண்ட வேர் நிலத்தில் இறங்கிய பிறகும் சுருண்டேதான் இருக்கும்; இரண்டாவது கோடையில் மரம் திடீரென்று வாடும்போது தோண்டிப் பார்த்தால் அது தெரியும். குழியில் விதைத்தால் வேர் ஒரு முறைகூடத் தடைபடாது.

விதைக்குக் காட்டு இலந்தைப் பழமே போதும். கொட்டைகளைக் கெட்டியான உப்பு நீரில் போடுங்கள். மிதப்பது பொய்க்கொட்டை, மூழ்குவது நல்லது. மூழ்கியதை நல்ல நீரில் கழுவி, ஓட்டைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பருப்பைச் சேதமில்லாமல் எடுத்து விதைத்தால் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். ஓட்டோடு விதைத்தால் மாதம் ஆகலாம். குழிக்கு மூன்று நான்கு விதை. முளைத்ததில் வலுவானதை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு மழைப் பருவத்தில் மொட்டுக் கட்டுங்கள். கட்டத் தெரிந்தவரை அழைத்து ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் உங்களுக்கே கை வந்துவிடும்.

காய்க்கத் தொடங்கிய பிறகு இலந்தைக்கு ஒரு கட்டாயம் உண்டு. பூவும் காயும் அந்த ஆண்டு வந்த புதுக் கொப்பில்தான் வரும். ஆகவே ஆண்டுதோறும் அறுவடை முடிந்து, மாசி பங்குனியில், பழைய கொப்புகளைக் குறைத்து வெட்டியாக வேண்டும். ஐயோ மரத்தை வெட்டுவதா என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டால் மரம் வானத்துக்குப் போகும், காய் சிறுத்துப் போகும். பழ ஈ வரும். புழு விழுந்த பழங்களை மரத்தடியிலேயே விடாமல் அன்றாடம் பொறுக்கி ஆழப் புதைத்து, கோடையில் மரத்தடியைக் கொத்திவிட்டுக் கூட்டுப்புழுக்களை வெயிலில் காயவிட்டாலே பாதித் தொல்லை தீரும்.

இப்போது குழி. உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு வருகிறேன்: செம்மண் போட்டு வைத்தால் வருமா?

கரிசலில் பழமரம் செத்துப் போவதற்குக் காரணம் வறட்சி என்றே எல்லோரும் நினைக்கிறோம். நான் பார்த்தவரை அதற்குச் சமமாகக் கொல்வது ஐப்பசி மழைதான். என் சொந்த நிலத்தில் முதன்முதலாக நெல்லி வைத்தபோது மூன்றடிக் குழி வெட்டி, முழுக்கச் செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் நிரப்பி, கன்றைத் தரையைவிடத் தாழ்வாக வைத்தேன். நீர் நன்றாகத் தேங்கட்டும் என்ற எண்ணம். நான்கு நாள் தொடர்ந்து மழை பெய்தது. கரிசல் களி நனைந்ததும் உப்பி, தன் துளைகளையெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதன் வழியே நீர் கீழிறங்காது. சுற்றிலும் இறுகிய களி, நடுவில் பொலபொலவென்ற செம்மண். குழி ஒரு தொட்டியாகிவிட்டது. கன்றுகள் வேரழுகிச் செத்தன. அன்று முதல் நான் சொல்வது இதுதான்: கரிசலில் குழி நிரப்புவதற்கு அந்தக் குழியின் மேல்மண்ணே போதும். இரண்டு கூடை மக்கிய தொழுவுரம் சேர்க்கலாம், அவ்வளவுதான். நிரப்பிய பிறகு தரைக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு, இரண்டு ஆள் கை கோத்துச் சுற்றும் அகலத்துக்கு மேடு கட்டி, அந்த மேட்டின் நடுவில் நடுங்கள். நீர் பிடிக்க மேட்டைத் தாண்டி, சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் வரப்புப் போடுங்கள். மழைநீர் மேட்டைச் சுற்றி நின்று மெதுவாக இறங்கும். கன்றின் கழுத்தில் நிற்காது.

குழி வெட்டும்போதே இன்னொரு சோதனையைச் செய்துவிடுங்கள். கடப்பாரையால் நான்கு அடி வரை குத்திப் பாருங்கள். சில இடங்களில் இரண்டாவது அடியிலேயே சுக்கான் தட்டும், வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் வரும். அந்த மண்ணில் ஒரு கட்டியை எடுத்து வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்கும். சுக்கான் கனமாக இருந்தால் அந்த இடத்தில் நெல்லி வேண்டாம்; சற்றுத் தள்ளி ஆழமான மண்ணைத் தேடுங்கள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு யூரியாவைக் கொட்டுபவர்கள் உண்டு. தேவை யூரியா இல்லை. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் 1 கிராம் எலுமிச்சை உப்பும் கரைத்து, வெயில் தாழ்ந்த நேரம் இலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் பச்சை திரும்பும்.

கோடை வெடிப்பு அடுத்த எதிரி. கரிசல் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிப்பு விடும்போது இளவேர்களை அறுத்துக்கொண்டு விடும், உள்ளிருக்கும் ஈரமும் அந்தப் பிளவு வழியே காற்றில் போகும். தை மழை ஓய்ந்ததும் மேட்டைச் சுற்றி மேலாக இரண்டு மூன்று அங்குலம் கொத்திப் புழுதியாக்கி, மேலே உளுந்தங்கொடி, சோளத்தட்டை, வேப்பந்தழை, எது கிடைக்கிறதோ அதை அரை அடிக்கு மூடாக்குப் போடுங்கள். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் ஒரு மண்பானையைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து, வாரத்துக்கு ஒருமுறை நீர் நிரப்பி மூடிவையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரித்தால் அதை இந்தப் பானைக்கு ஊற்றாதீர்கள். ஊருணி நீரோ, கூரையிலிருந்து பிடித்த மழைநீரோ நல்லது.

புதிய வீடு என்று எழுதியிருந்தீர்கள். இது முக்கியம். கரிசல், நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பெரிய மரம் ஒன்று சுவரோரம் நின்றால் ஒரு பக்கத்து மண்ணின் ஈரத்தை மட்டும் அது உறிஞ்சி எடுக்கும். அந்தப் பக்கம் அஸ்திவாரம் இறங்கி, சுவரில் குறுக்கே விரிசல் ஓடும். பிறகு மரத்தை வெட்டினால் மண் மறுபடி உப்பி இன்னொரு விரிசல். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் சுவரிலிருந்து தள்ளி வைப்பதுதான் பாதுகாப்பு. இலந்தையைக் கத்தரித்துக் குட்டையாக வைத்தாலும் இருபது அடி விடுங்கள். நெல்லிக்கு இருபத்தைந்து. வேம்பை நிலத்தின் கோடிக்கு அனுப்பிவிடுங்கள், அங்கேயும் அது உங்கள் வேம்புதான். வீட்டை ஒட்டிப் பச்சை வேண்டுமென்றால் பவழமல்லி, நந்தியாவட்டை போன்ற சிறு செடிகளே போதும்.

கன்றுகளையும் ஆலோசனையையும் பக்கத்திலேயே தேடுங்கள். கோவில்பட்டியில் உள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது. கரிசல் மானாவாரியை நூறு ஆண்டுக்கு மேலாகப் பார்த்துவரும் இடம் அது. மண்ணைச் சோதிக்கும் வழியை அங்கே கேட்கலாம். வடக்கே அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் ஏ.பி.கே. 1 என்ற சீத்தா ரகத்தைத் தந்தது. உங்கள் நிலத்தின் ஒரு மூலை செவலாகவோ சரளையாகவோ இருந்தால் அந்தச் சீத்தாவையும் இரண்டு வையுங்கள். ஆழக் கரிசலில் வைக்க வேண்டாம், அதற்கு ஈரக்கால் பிடிக்காது.

மான், மயில், காட்டுப்பன்றி மூன்றும் உங்கள் பக்கம் வரும். களா வேலி பெரிதாகும் வரை, இலந்தைக் கன்று ஒவ்வொன்றையும் சுற்றிக் காய்ந்த முள்ளை வளைத்து வையுங்கள். கம்பி வலைக்குச் செலவழிப்பதைவிட இது மேல்.

கடைசியாக மகனின் நாக்கைக் கவனிப்போம். அவன் சொல்லும் அந்தத் துவையலுக்கு ஜார்ஜியாவில் த்கெமாலி என்று பெயர். பிஞ்சாகவோ பழமாகவோ செர்ரி ப்ளத்தை வேகவைத்து, கொட்டை நீக்கி மசித்து, பூண்டு, மல்லி, மிளகாய், சதகுப்பைக் கீரை, ஒரு புதினா வகை எல்லாம் சேர்த்துக் காய்ச்சுவார்கள். மல்லியும் மிளகாயும் விளாத்திகுளம், கோவில்பட்டிக் காடுகளில் விளைபவைதான். புளிப்புக்குக் களாக்காய் எடுத்துக்கொள்ளுங்கள். அரை கிலோ களாக்காயைக் கீறி, விதை நீக்கி, உப்பு நீரில் ஒரு மணி நேரம் போட்டுப் பாலைக் கழுவிவிடுங்கள். ஒரு தம்ளர் நீரில் குழைய வேகவைத்து மசியுங்கள். எட்டுப் பல் பூண்டு, ஒரு கரண்டி வறுக்காத மல்லி விதை, நான்கு வற்றல் மிளகாய், கல்லுப்பு நான்கையும் அம்மியில் அரைத்துச் சேர்த்து, கருப்பட்டி சிறு துண்டு போட்டு, கரண்டியில் ஒட்டும் பதம் வரும் வரை காய்ச்சுங்கள். இறக்கும்போது ஒரு பிடி புதினாவும் மல்லித்தழையும் நறுக்கிப் போடுங்கள். இலந்தை வந்த பிறகு, காட்டு இலந்தைப் பழத்தை மிளகாய், உப்பு, பெருங்காயம், வெல்லத்தோடு இடித்து இலந்தை வடை தட்டிக் காயவைத்து அவனுக்கே அங்கே கொடுத்தனுப்பலாம். விதை எடுத்துவிட்டு இடியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஆடிக்குள் குழிகளை வெட்டிப் போடுங்கள், ஒரு மாதம் வெயிலில் ஆறட்டும். ஆவணியில் மூடி மேடு கட்டுங்கள். புரட்டாசியில் முதல் மழை நனைத்ததும் இலந்தை விதை, நெல்லி ஒட்டு, களா நாற்று மூன்றையும் நட்டுவிடுங்கள். ஐப்பசி மழையை ஒருநாள்கூட வீணாக்காதீர்கள். கரிசலில் கன்று வேர் பிடிக்க ஆண்டில் கிடைப்பது ஐப்பசி, கார்த்திகை என்ற அந்த இரண்டு மாதம்தான்.